வலது காது

ஹாலிஸ் ஆலி என்பவரை என் எலி அறைக்கு வேலைக்கு அனுப்பி வைத்த அன்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். ஆள் உள்ளே வந்தால் வாசல் நிலை தலையில் இடிக்கும். கை ஒவ்வொன்றும் ரொட்டி சுடுகிற தட்டு அளவு. முப்பது வருஷத்துக்கு மேல் கடலில் சிங்கி இறால் கூடுகளை இழுத்து இழுத்து வலது தோள் போய்விட்டது. படகை மகள் ராமோனாவிடம் கொடுத்துவிட்டு, கரையில் என்ன வேலை கிடைக்கும் என்று தேடி வந்த மனிதர். அவர் கையில் கிழட்டுச் சுண்டெலியைக் கொடுத்தால் என்ன ஆகும்?

நேராக ஆள் எடுக்கிற அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். "வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு? அவரு கைக்குள்ள என் எலி போச்சுன்னா தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு ஆள் வேணும்."

"ஒரு மாசம் வெச்சுப் பாரு, ஓப்பல்" என்றார்கள். வைத்துப் பார்த்தேன். அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை.

மேய்ன் மாநிலக் கடற்கரையில் எங்கள் பக்கத்தில் பிழைப்பு என்றால் கடல், இல்லை காடு. இரண்டும் வாய்க்காதவர்களுக்குப் பாலத்தைத் தாண்டித் தீவில் இருக்கும் எலி ஆய்வகம். என் அப்பா மரம் வெட்டியவர். எனக்குக் கடலைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். அதனால் பள்ளிக்கூடம் முடித்த கையோடு விடிவதற்கு முன்னால் கிளம்பும் ஆய்வக வேனில் ஏறிவிட்டேன். இன்றைக்கு முதிர்ந்த எலிகளின் அறைக்கு நான்தான் பொறுப்பு. முதுமையைக் கொஞ்சமாவது தள்ளிப்போடுகிற மருந்து உண்டா என்று பார்க்கிற அறை அது. நடுவயதில் மருந்தை ஆரம்பித்து, எந்த எலி எவ்வளவு காலம் இருக்கிறது, எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கடைசி வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும். பெரிய புத்தி எதுவும் வேண்டாம். பொறுமை இருந்தால் போதும், செத்ததற்கெல்லாம் அழாமல் இருந்தால் போதும். இரண்டாவதில் நான் இன்னும் தேறவில்லை.

ஹாலிஸ் முதல் வாரமே என் வாயை அடைத்துவிட்டார். எலியை வாலைப் பிடித்துத் தூக்கவே மாட்டார். இரண்டு கையையும் கிண்ணம்போல் வைத்து அப்படியே அள்ளுவார். மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்பு வரும்: "வாடி அம்மா. ராத்திரி தூங்கினியா? முட்டி வலி எப்படி இருக்கு?"

டொர்தா சும்மா இருப்பாளா? மருந்து கொடுக்கிறவள் அவள். நாக்கு மட்டும் தனியாகச் சம்பளம் வாங்கலாம். "யோவ் ஹாலிஸ், வீட்டுல ஏவிஸ்கிட்ட ஒரு நாளாவது இப்படிக் கொஞ்சியிருக்கியா?"

"அவளை அள்ளித் தூக்கினா அறைஞ்சிடுவாளே."

"தூக்க முடிஞ்சாத்தானே அறையறதுக்கு!"

இப்படித்தான் எங்கள் காலைப் பொழுது ஓடும். ஏவிஸ் அவருடைய மனைவி. சர்க்கரை நோய்க்காரி, தினமும் ஊசி. ஆய்வக வேலையோடு வரும் மருத்துவக் காப்பீடு இல்லாவிட்டால் அந்த ஊசிக்கு வழியில்லை. ஹாலிஸ் கரைக்கு வந்ததற்குத் தோள் பாதிக் காரணம், ஊசி பாதிக் காரணம். ஆனால் வந்த பிறகு அந்த வேலையை அவர் நேசித்துவிட்டார். அதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

டாக்டர் இங்காவின் மருந்து எங்கள் அறைக்கு வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. இங்கா மினசோட்டாக்காரி, எங்கள் கணக்கில் வெளியூர். இங்கேயே நரைத்தாலும் வெளியூர்தான். ஒல்லி உடம்பு, நின்றுகொண்டே சாப்பிடுவாள், வீண் பேச்சு கிடையாது. ஒன்பது வருஷமாக அந்த ஒரு மருந்தையே கட்டிக்கொண்டு அழுதவள். அவள் போட்ட ஏற்பாடு ரொம்பச் சுத்தம். ஒரு கூண்டுக்கு நான்கு பெண் எலிகள். இரண்டுக்கு வலது காதில் சின்ன வெட்டு, இரண்டுக்கு இடது காதில். வலது காதுக்குச் சிவப்பு மூடி பாட்டிலிலிருந்து சொட்டு, இடது காதுக்குப் பச்சை மூடி. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் இனிப்புத் தண்ணீர். எதில் எது என்று டாக்டருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கணக்குப் பிரிவில் பூட்டி வைத்திருந்தார்கள். ஒரே கூண்டு, ஒரே தீனி, ஒரே வெளிச்சம். எதைச் சொல்லியும் குறை காண முடியாது.

ஹாலிஸின் வேலை காலைப் பார்வை. சுருண்டு கிடக்கும் கிழடைக் கையில் எடுத்துப் பார்ப்பார். உடம்பு சில்லிட்டிருக்கிறதா, பக்கவாட்டில் படுக்க வைத்தால் புரண்டு எழுகிறதா, தின்றதா? பிறகு ஒரு முடிவு. தேறும் என்று தோன்றினால் கதகதப்பான தனிக் கூண்டு: அடியில் சூடு, உள்ளே மென்மையான தீனி. தேறாது என்று தோன்றினால் அன்றைக்கே கேஸ் கொடுத்து நிம்மதியாக அனுப்பிவிட வேண்டும். அந்த நாள்தான் அதன் சாவு நாள். அந்த முடிவு முழுக்க ஹாலிஸ் கையில். அவர் கண் மேல் மிருக வைத்தியருக்கே அவ்வளவு நம்பிக்கை.

முதல் பேட்ச் எலிகள் முழுக்க முடிந்தன. கணக்குப் பிரிவு சொன்ன பதில்: இரண்டு காதுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஏதோ மயிரிழை, அதை நம்ப முடியாது.

டாக்டர் இங்கா அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒரு வயது இளைய இரண்டாவது பேட்ச் அப்போது எங்கள் அறையில்தான் இருந்தது. அதற்கும் அதே காது, அதே மூடி; அதனால் எதில் மருந்து என்ற பூட்டை இன்னும் திறக்கவில்லை. பயனில்லாத மருந்துக்கு இன்னும் ஏன் செலவு என்று மேலிடத்தில் கேட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை கூடி முடிவெடுப்பதாகச் சொன்னார்கள். என்ன முடிவு என்று எல்லோருக்கும் தெரியும்: இரண்டாவது பேட்சை மொத்தமாக முடித்துவிட்டு அறையைக் காலி செய்வது. எங்களுக்கு வேறு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், ஹாலிஸுக்குக் குட்டி எலிகளின் கட்டடத்தில். ஆக வேலைக்கு ஆபத்தில்லை. ஆனாலும் மனிதர் இடிந்துபோனார்.

"நல்லா ஓடிட்டிருக்கறதுங்களை எதுக்கு ஓப்பல் கொல்லணும்?" என்று என்னிடம் கேட்டார். போய்க் கையைக் கழுவு என்றேன்.

அந்தச் சனிக்கிழமை என் தலையெழுத்து, ராமோனாவின் படகில் வேலை செய்கிற பையனுக்குக் கல்யாணம். கூடுகளில் இரை வைக்க ஆள் வேண்டும் என்று ஹாலிஸ் என்னைக் கூப்பிட்டார். எனக்கு அப்போது புத்தி எங்கே போயிருந்ததோ, சரி என்றுவிட்டேன். துறையைத் தாண்டுவதற்குள் காலைச் சாப்பாடு கடலுக்குப் போய்விட்டது. மிச்ச நேரம் முழுக்க அழுகின மத்தி வாளியைக் கட்டிக்கொண்டு செத்தேன்.

"ஓப்பல் அத்தை, தூரத்துல கரையைப் பாருங்க, சரியாயிடும்" என்றாள் ராமோனா.

"கரையைப் பாத்தா அழுகை வருதுடி."

ராமோனா எந்திரத்தில் கூட்டை இழுத்து மேலே போடுவாள். ஹாலிஸ் கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து இறாலைப் பிரிப்பார். வாய் பாட்டுக்கு டொர்தா போன சனிக்கிழமை பொது விருந்துக்கு பீன்ஸ் சமைக்கிறேன் என்று பானையையே கருக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது. எடு, அளவு பார், தொட்டியில் போடு. ஒரு பெரிய இறால் வந்தது, என் முழங்கை நீளம். அதை எடுத்தார், மணிக்கட்டை லேசாகத் திருப்பி வாலைப் பார்த்தார், அலுங்காமல் கடலில் விட்டார். கதை ஒரு வார்த்தைகூட நிற்கவில்லை.

"யோவ்! இருக்கறதுலயே பெருசை ஏன்யா விட்ட?"

அவருக்கு நான் எதைக் கேட்கிறேன் என்றே தெரியவில்லை. "எதை?"

ராமோனா சிரித்தாள். "வால்ல வெட்டு இருந்திருக்கும் அத்தை. முட்டை வெச்ச தாயைப் பிடிச்சா யாரா இருந்தாலும் வால்ல ஒரு வெட்டு போட்டு விட்டுருவோம். அப்புறம் முட்டை இல்லாம வந்தாலும் சரி, அந்த வெட்டைப் பாத்தா இந்தக் கடல்ல ஒருத்தரும் தொட மாட்டாங்க. அப்பா அதை யோசிக்கறதே இல்ல, அவர் கை பாத்துக்கும்."

"எந்தப் பக்கம் வெட்டுவீங்க?"

"வலது பக்கம். எப்பவும் வாலோட நடு மடலுக்கு வலது பக்கம்தான்."

எனக்குக் குமட்டல் நின்றுவிட்டது. அந்த மணிக்கட்டுத் திருப்பல் எனக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் பார்க்கிறேன். எலியை அள்ளுவார், லேசாகத் திருப்புவார், காது வெளிச்சத்துக்கு வரும். பிறகு, "போ, இன்னும் ஒரு நாள் பாக்கலாம்." கதகதப்புக் கூண்டுகளைக் கழுவுகிறவள் நான். அதில் கிடப்பவை பெரும்பாலும் வலது காதுக்காரிகள்தான். சிலது அங்கேயே தேறி இன்னும் இரண்டு மூன்று மாசம்கூட இருந்திருக்கின்றன. சிவப்பு மூடிதான் மருந்து போலிருக்கிறது, அதனால்தான் இவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்று நானும் டொர்தாவும் காதைக் கடித்துக்கொண்டிருக்கிறோம். மருந்தா அது? இந்த மனிதருடைய கை!

எனக்கு எதையும் ஆறப் போட்டுச் சொல்லத் தெரியாது. அங்கேயே, படகிலேயே, போட்டு உடைத்தேன்.

ஹாலிஸ் முகம் சிவந்துவிட்டது. "என்ன உளர்ற? என் கை என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"இப்ப கடல்ல எதை விட்டேன்னு கேட்டப்ப தெரியலையே."

"அது இறாலு! இது எலி! ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாளா நான்?"

"நான் முட்டாள்னு சொல்லலை."

"பின்ன என்ன சொல்ற? ஏமாத்தறேன்னா?"

ராமோனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேலையைக் கவனித்தாள். துறையில் இறங்கும்போது ஹாலிஸ் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "திங்கட்கிழமை பாத்துடலாம்."

பார்த்தோம். இரண்டாவது பேட்சில் தளர்ந்துபோனவை சில இருந்தன. காலையில் ஒவ்வொன்றாக நான் எடுத்துக் காட்டினேன், இரண்டு காதையும் என் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூடிக்கொண்டு. அவர் தொட்டுப் பார்த்து முடிவு சொன்னார். டொர்தா குறித்துக்கொண்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு வரிசையை மாற்றி அதே எலிகளை அவரே எடுத்துப் பார்க்கும்படி வைத்தோம், இந்த முறை காது தெரிய. எல்லாம் பழுப்பு நிறம், எல்லாம் மெலிந்தவை. எது எது என்று டொர்தாவின் குறிப்புக்குத்தான் தெரியும். நியாயமாகப் பார்க்க வேண்டும் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தார்.

காலையில், "இது முடிஞ்சுது, பாவம், அனுப்பிடலாம்" என்று சொன்ன எலியை மத்தியானம் எடுத்தார். வலது காது. உள்ளங்கையில் வைத்திருந்தார், ரொம்ப நேரம். "இது இன்னும் ஒரு நாள் தாங்கும்" என்றார்.

டொர்தா என்னைப் பார்த்தாள். அதற்குள் அடுத்ததை எடுத்திருந்தார், அதுவும் அப்படியே. இடது காதுகளில் மட்டும் காலையில் சொன்னதையே மத்தியானமும் சொன்னார்.

காலைக் குறிப்பையும் மத்தியானக் குறிப்பையும் அவரிடம் காட்டினோம். ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார். தன் கையையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார், யாரோ கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போன கை மாதிரி.

"வேணும்னு செய்யலை, ஓப்பல்."

"தெரியும்யா. எனக்குத் தெரியாதா?"

டொர்தா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் கிண்டல் பண்ணவில்லை. "நான் சொல்றதைக் கேளு. வாயை மூடிட்டு இரு. வியாழக்கிழமை ரூமை மூடிடுவாங்க, உன்னைக் குட்டிங்க கட்டடத்துக்கு அனுப்புவாங்க, கதை முடிஞ்சுது. போய்ச் சொன்னேன்னு வை, விதியை மீறினவன்னு வீட்டுக்கு அனுப்புவாங்க. ஏவிஸோட ஊசிக்கு எங்க போவ? இந்தத் தோளை வெச்சுக்கிட்டு படகுல ஏறுவியா?"

"அப்ப மருந்து?"

"அது நல்ல மருந்துன்னு உனக்கு யாரு சொன்னா? வலது காதுதான் மருந்துன்னா நீ இவ்வளவு தாங்கிப் பிடிச்சும் ஜெயிக்கலை, அப்ப அது சுத்தக் குப்பை. அந்தக் குப்பைக்காக நீ ஏன் நடுத்தெருவுல நிக்கணும்?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அறைக்குப் பொறுப்பு நான். கையோடு போய் மேலே சொல்லியிருக்க வேண்டியவள். சொல்லவில்லை. "வியாழன் காலை வரைக்கும் பாக்கறேன். நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்" என்று வீராப்பாகச் சொன்னேனே ஒழிய, ஏவிஸ் முகம் வந்து நின்றால் வாய் திறந்திருப்பேனா என்று எனக்கே சந்தேகம்தான்.

வியாழன் அன்று வேனில் ஏறிய ஹாலிஸை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. வயிற்றில் பொத்தான் மாட்டவில்லை. கையில் தொப்பி. ஏவிஸிடம் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன்.

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"கோட்டை அவதான் தேய்ச்சுக் குடுத்தா."

கூட்டத்தில் மேலிடத்தார் நால்வர், டாக்டர் இங்கா, நான். கூப்பிடாத இடத்துக்கு ஹாலிஸ் உள்ளே வந்து சுவரோரம் நின்றார். இறால் வெட்டு, மணிக்கட்டு, கதகதப்புக் கூண்டு, திங்கட்கிழமை பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னார். யார் மேலும் பழி போடவில்லை. "என் கை செஞ்சது. எனக்குத் தெரியாமத்தான் செஞ்சுது, ஆனா என் கைதான்" என்று முடித்தார்.

டாக்டர் இங்கா வெளுத்துப்போனாள். "ஒன்பது வருஷம், ஹாலிஸ்" என்றாள். அவ்வளவுதான். எழுந்து வெளியே போய்விட்டாள். கதவு ஆடிக்கொண்டே இருந்தது. ஹாலிஸ் தொப்பியைப் பிசைந்து பிசைந்து அதன் ஓரமே பிய்ந்துவிட்டது.

நேரம் போயிற்று. அவள் திரும்பி வந்தாள், கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் கத்தி மாதிரி இருந்தது.

"முதல் பேட்ச் கெட்டுப்போச்சு. அதை வெச்சு மருந்து வேலை செய்யுதுன்னும் சொல்ல முடியாது, செய்யலைன்னும் சொல்ல முடியாது. அதனால ரெண்டாவது பேட்சை மூடறதுக்கும் இப்ப காரணம் இல்ல. எனக்கு அந்த எலிங்க வேணும்."

"பாக்கறது யாரு? இவரா?" என்று கேட்டார் தலைவர். ஹாலிஸ் அங்கே இல்லாததுபோல் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்துவிட்டேன்.

"காதை மூடிக் காட்டினப்ப இவர் சொன்னதும் மிருக வைத்தியர் சொன்னதும் ஒண்ணு. நான் அதே எலிங்களை ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா காட்டிக் கேட்டுட்டேன். இவரை மாதிரிக் கண்ணு எனக்கு வேற எங்கயும் கிடைக்காது. காதை நான் மூடறேன். தினமும் நானே வந்து மூடறேன். போதுமா?"

டாக்டர் இங்கா என்னைப் பார்த்தாள், ஹாலிஸைப் பார்க்கவில்லை. "சரி" என்றாள். மேலிடத்தார் ஹாலிஸுக்குக் கடுமையான எச்சரிக்கை கொடுத்தார்கள், எங்கள் அறைக்கு ஒரு வருஷம் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்திலா பயத்திலா என்று கேட்காதீர்கள்.

அந்த ஒரு வருஷம் என் கட்டை விரலுக்குத்தான் சோதனை. எனக்கு முடக்குவாதம் வேறு. பனிக்காலத்தில் விரல் மடங்காது. "ஓப்பல் விரலுக்குத் தனியா பென்ஷன் கேக்கணும்" என்பாள் டொர்தா. காதை மூடிக்கொண்டு நான் தூக்கிக் காட்ட, ஹாலிஸ் பார்ப்பார், முடிவு சொல்வார். "தேறும்", "அனுப்பிடலாம்". அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எலிகளோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார். தன்னையே நம்பாத மனிதர் எப்படிக் கொஞ்சுவார்? டாக்டர் இங்காவும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடைபாதையில் எதிரே வந்தால் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும்.

பனி உருகி, சேற்றுக்காலம் போய், புளூபெர்ரி பறிக்கிற ஆகஸ்ட்டும் போயிற்று. எலிகளுக்கு ரொம்ப வயதாகிவிட்டது. இலை பழுக்க ஆரம்பித்த சமயத்தில் கணக்குப் பிரிவு சொல்லிவிட்டது: கணக்குக்கு வேண்டிய அளவு எலிகள் முடிந்தாயிற்று, இனி பூட்டைத் திறக்கலாம். மிச்சமிருக்கும் கொஞ்சம் கிழடுகள் இனிக் கணக்கில் சேராது.

டாக்டரின் சின்ன அறையில் நாங்கள் நான்கு பேர். உட்கார இடமில்லாமல் நான் ஜன்னல் விளிம்பில் சாய்ந்திருந்தேன். கணினியில் அவள் இரண்டு தடவை படித்தாள், மூன்றாவது தடவைதான் வாய் விட்டுப் படித்தாள்.

"வலது காது, சிவப்பு மூடி: இனிப்புத் தண்ணி."

எனக்கு உடனே புரியவில்லை. டொர்தாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "அடக் கடவுளே, அப்ப மருந்து இடதுல! இடது காதுக்காரிங்க!"

"இடது காதுதான்" என்றாள் டாக்டர். "இந்த பேட்ச்ல அதுங்க ரெண்டு மாசத்துக்கு மேல கூடுதலா இருந்திருக்கு. ஓடறது, ஏறறது எல்லாத்துலயும் நல்லா இருந்திருக்கு. முதல் பேட்ச்லயும் இருந்திருக்கணும். ஆனா அப்ப நம்ம கையே தண்ணி குடிச்சதுங்களைத் தூக்கி விட்டுடுச்சு. அதனால ரெண்டும் சமமாத் தெரிஞ்சுது." உடனே விரலை நீட்டி எங்களை மிரட்டினாள்: "வெளிய போய் மனுஷனுக்கு மருந்து வந்துடுச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது. இது எலி. இன்னும் ரெண்டு ஊர்ல வேற ஆளுங்க செஞ்சு பாக்கணும். ஆனா வேலை செய்யுது. இது வேலை செய்யுது!"

டொர்தா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன், முழங்கால் வலியோடு. ஹாலிஸ் மட்டும் குதிக்கவில்லை. தொப்பியை மேஜை மேல் வைத்தார்.

"அப்ப முதல் பேட்ச்ல," என்றார் மெதுவாக, "நான் சட்டுபுட்டுனு அனுப்பினதெல்லாம் மருந்து சாப்பிட்டதுங்க."

"ஆமா, ஹாலிஸ்."

"அதுங்களுக்கும் ஒரு நாள் குடுத்திருந்தா?"

வேறு யாராவது இருந்தால் தேன் தடவிச் சொல்லியிருப்பார்கள். டாக்டர் இங்கா அப்படிப்பட்டவள் இல்லை. "சிலது எழுந்திருக்கும்" என்றாள்.

அவர் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெரிய தோள் இரண்டும் குலுங்கின. அவ்வளவு நாள் தரையைப் பார்த்துக்கொண்டு போன டாக்டர் எழுந்து வந்து, அந்தக் கையில் ஒன்றை முகத்திலிருந்து இழுத்துத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

"நீங்க அன்னிக்குக் கோட்டைப் போட்டுட்டு வரலைன்னா இந்த மருந்தைக் குப்பையில போட்டிருப்பேன். என் கையாலயே போட்டிருப்பேன். அடுத்த பேட்ச் வசந்தத்துல வருது. அதுல காதை யாரும் தொட மாட்டாங்க, வால்ல மையால புள்ளி வைக்கறோம், எந்தப் புள்ளி எதுன்னு கூண்டுக்குக் கூண்டு மாறும். எனக்கு அதைப் பாக்க நீங்க வேணும். மூணு வருஷம் ஆகும்."

"மூணு வருஷமா? எனக்கு அறுபத்தொண்ணு ஆகுது டாக்டர்."

"தெரியும். இருங்க."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சரி என்று தலையாட்டினார். பிறகு, "மிச்சம் இருக்கற கிழடுங்களை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும், வைத்தியரிடம் பேசிவிட்டேன், வலி இல்லாத வரை இருக்கட்டும் என்றாள் டாக்டர். ஹாலிஸ் உடனே ஆய்வக அங்கியை மாட்டப் போனார். மூன்று வருஷ வேலைக்குத் தலையாட்டிய கையோடு எலி பார்க்கப் போகிற மனிதரை என்ன சொல்வது? நானும் பின்னாலேயே போனேன்.

ஒரு கூண்டின் மூலையில் ஒன்று சுருண்டு கிடந்தது. தோள் எலும்பெல்லாம் தெரிந்தது. நான் பழக்கத்தில் எடுத்துக் காதை மூடிக் காட்டினேன்.

"விரலை எடு, ஓப்பல்."

"எதுக்குய்யா?"

"எடுன்னா எடு."

எடுத்தேன். இடது காதில் வெட்டு. ஹாலிஸ் அதை இரண்டு கையாலும் கிண்ணம்போல் வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். அந்த வெட்டை அவர் ஒளிக்காமல், கண்ணைத் திருப்பாமல் பார்த்தார். விரலால் வயிற்றை ஒட்டித் தொட்டுப் பார்த்தார். பக்கவாட்டில் படுக்க வைத்தார். அது காலை உதைத்துப் புரள முயன்றது, முடியவில்லை, மறுபடி முயன்றது.

"வாடி அம்மா" என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. "உன்னையும் இன்னும் ஒரு நாள் பாக்கலாம்."

கதகதப்புக் கூண்டை நான்தான் திறந்தேன். மறுநாள் காலை வேனிலிருந்து இறங்கியதும் அவர் யாருக்கும் காத்திருக்காமல் நேரே அறைக்குப் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கிழவி பின்னங்காலில் எழுந்து நின்று தீனியைக் கொறித்துக்கொண்டிருந்தாள். ஹாலிஸ் மாஸ்க்குக்குள் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தார், அவ்வளவு நேரம், அவ்வளவு பேச்சு.